என்டர்பிரைஸ் விண்கப்பலின் வயது இருபதா, நாற்பதா?

களுவாஞ்சிகுடியில் உயர்தரம் படிக்கும் ஒரு தம்பி, ஸ்டார் ட்ரெக் என்ற அமெரிக்க விண்வெளிக் கதைத் தொடரைப் பற்றிக் கேட்டனுப்பிய கேள்வி இது: "ஸ்டார் ட்ரெக்கில் வரும் என்டர்பிரைஸ் கப்பலின் சேவை வரலாற்றைப் பாடசாலைச் சுவரில் ஒட்டுவதற்கு அட்டவணையாகச் செய்கிறேன். மூன்றாவது படத்தில் ஒரு அட்மிரல் கப்பலுக்கு வயது இருபது என்கிறார். ஆனால் நான் பார்த்த பட்டியல்களில் 2245இல் சேவைக்கு வந்து 2285இல் அழிந்தது என்று இருக்கிறது. நாற்பது வருகிறதே, எது சரி? அதோடு ஏ, பி, சி என்று வருகிறவை எல்லாம் அதே கப்பல்தானா?"

தம்பி, அட்டவணையில் நாற்பது என்றே போடுங்கள். இருபது என்பது ஒரு பாத்திரம் வாய்விட்டுச் சொன்ன எண்தான். ஆனால் அந்தக் கதையே அதற்கு முன்பு சொல்லிவிட்ட செய்திகளோடு அது பொருந்தாது. இலக்கத்துக்குப் பின்னால் ஏ, பி, சி என்று எழுத்துப் போட்டு வருபவை எல்லாம் வேறு வேறு கப்பல்கள். பெயரும் இலக்கமும்தான் வழிவழியாக வந்தன. இதை விரிவாகவே எழுதுகிறேன். ஏனென்றால் இந்தக் கப்பலின் வரலாறு நடந்த ஒழுங்கில் எழுதப்பட்டதல்ல. நடுவில் தொடங்கி, பிறகு முன்னுக்கும் பின்னுக்கும் பலர் கை வைத்து நிரப்பியது. எந்த ஆண்டை யார் எப்போது நிரப்பினார்கள் என்று தெரிந்தால் உங்களுக்கு வந்த குழப்பம் யாருக்கும் வராது.

முதலில் வயதுக் கணக்கு. 2245 என்பதை ஒரு பக்கம் வைத்துவிட்டு, திரையில் பேசப்பட்ட வசனங்களை மட்டும் எடுத்துக்கொள்வோம். 1966 நவம்பரில் 'த மெனாஜெரி' என்ற இரண்டு பாகக் கதை ஒளிபரப்பானது. அதில் கப்பலின் அதிகாரி ஸ்பொக் தன் பழைய கப்டன் கிறிஸ்தோபர் பைக்கைத் தாலோஸ் 4 என்ற தடைசெய்யப்பட்ட கிரகத்துக்குக் கொண்டுபோவதற்காக என்டர்பிரைஸையே கடத்திப் போகிறார். விசாரணை நடக்கிறது. பைக் அந்தக் கிரகத்துக்கு முதல் தடவை போனது பதின்மூன்று வருடங்களுக்கு முன்பு, இதே கப்பலில் என்று அங்கே சொல்லப்படுகிறது. பைக்கின் கீழ் தான் பதினொரு வருடம், நான்கு மாதம், ஐந்து நாள் பணியாற்றியதாகவும் ஸ்பொக் சொல்கிறார். அதே முதலாம் பருவத்தில், 1967 பெப்ரவரியில், 'ஸ்பேஸ் சீட்' வந்தது. கான் என்ற மனிதரும் அவருடைய ஆட்களும் ஒரு கிரகத்தில் விடப்படுவது அந்தக் கதையில்தான். இரண்டு கதைகளின் விண்திகதிகளும் (கதைக்குள் வரும் நாட்கணக்கு) 3012, 3141 என்று பக்கத்தில் பக்கத்தில் நிற்பவை. 1982இல் வந்த இரண்டாவது திரைப்படத்தில் கான் திரும்பி வருகிறார். தன்னைக் கைவிட்டுப் பதினைந்து வருடம் ஆகிவிட்டது என்கிறார். மூன்றாவது படம் இரண்டாவது முடிந்த கையோடு தொடங்குவது.

பதின்மூன்றும் பதினைந்தும் இருபத்தெட்டு. தாலோஸ் பயணத்தின்போது கப்பல் ஏற்கனவே சேவையில் இருந்தது. ஆகவே எந்தக் காலவரிசை நூலையும் தொடாமல், வசனங்களை மட்டும் வைத்தாலே என்டர்பிரைஸுக்குக் குறைந்தது இருபத்தெட்டு வயது. அட்மிரல் மொரோ சொன்ன இருபது அங்கேயே விழுந்துவிடுகிறது.

அப்படியென்றால் அந்த இருபது எங்கிருந்து வந்தது? பார்வையாளரின் நாட்காட்டியில் இருந்து என்பது என் கணிப்பு. தொடர் ஒளிபரப்பானது 1966இல், மூன்றாவது படம் 1984இல். நடுவில் பதினெட்டு வருடம், அதைச் சீராக்கினால் இருபது. கானின் பதினைந்தும் அப்படித்தான்: 1967இல் இருந்து 1982 வரை சரியாகப் பதினைந்து. அந்தக் காலத்தில் படம் எடுத்தவர்கள் கதைக்குள் எந்த ஆண்டு என்று தலையை உடைத்துக்கொள்ளவில்லை. திரையரங்கில் இருப்பவருக்கும் கப்பலில் இருப்பவருக்கும் ஒரே வேகத்தில் வயது போனது. நடிகர்களின் முகத்தில் நரை தெரிந்தபோது அது உண்மையான நரை. அந்தப் படங்களுக்கு அது நல்லதுதான் செய்தது. கப்பல் பழசாகிவிட்டது என்று மொரோ சொல்லும்போது பார்ப்பவர் நெஞ்சில் ஒரு சுருக்கென்ற வலி வருவதற்குக் காரணம், அவரும் அந்த இருபது வருடத்தைக் கடந்து வந்தவர் என்பதே. அட்டவணைக்கு அந்த எண் உதவாது. ஆனால் அது அலட்சியத்தில் எழுதப்பட்ட வரி அல்ல.

ஆண்டுகள் உறுதியாகத் தொடங்கியது 1988இல்தான். அடுத்த தலைமுறைத் தொடரின் முதலாம் பருவக் கடைசிக் கதையில் டேட்டா என்ற இயந்திர மனிதன், இது 2364ஆம் ஆண்டு என்று சொல்கிறான். அந்த ஒற்றை வசனம்தான் முளை. எல்லாக் கயிறும் அதில்தான் கட்டப்பட்டிருக்கிறது. அதற்கு முன்பு இரண்டாவது படத்தில் ஒரு சிறிய தடயம் இருந்தது. பைக்குக்குப் பின் கப்டனான கேர்க்கின் பிறந்தநாளுக்குக் கப்பல் வைத்தியர் மெக்கோய், ரொமூலன் என்ற வேற்றுக்கிரக இனத்தாரின் மதுவைக் கொண்டுவருவார். அந்தப் போத்தலில் 2283 என்று ஆண்டு போட்டிருக்கும். ஆகவே அந்தப் படம் 2283க்குப் பிந்தியது. தொடருக்காகத் திரைகளையும் பலகைகளையும் வரைந்த மைக்கல் ஒகுடாவும் அவர் மனைவி டெனிஸ் ஒகுடாவும் 1993இல் ஒரு காலவரிசை நூலை வெளியிட்டார்கள். பழைய தொடரின் கதைகள் ஒளிபரப்பான ஆண்டில் இருந்து முந்நூறு வருடம் தள்ளி நடந்ததாக வைத்துக்கொண்டார்கள். 1967இல் வந்த கதை 2267இல் நடந்தது என்று ஆயிற்று. இரண்டாவது படமும் மூன்றாவது படமும் 2285. கப்டன்கள் பைக்குக்கும் அவருக்கு முந்திய ரொபர்ட் ஏப்ரலுக்கும் உரிய காலத்தைப் பின்னோக்கி ஒதுக்கி, கப்பல் சேவைக்கு வந்தது 2245 என்று நிறுத்தினார்கள்.

இந்த ஏற்பாட்டில் கானின் பதினைந்து வருடம் பதினெட்டாகிவிடுகிறது என்பதைக் கவனியுங்கள். எங்கேயாவது ஒரு மூட்டு விலகித்தான் இருக்கும். ஆனால் பின்னால் வந்த தொடர்கள் பெரும்பாலும் ஒகுடாக்களின் ஆண்டுகளையே பின்பற்றின. 2001இல் வொயேஜர் தொடரில் ஒரு இளைஞன் தன் பாடத்தை ஒப்பிக்கும்போது, கேர்க்கின் ஐந்தாண்டுப் பயணம் 2270இல் நிறைவடைந்தது என்கிறான். அந்தப் பயணம் முடிந்த ஆண்டு அன்றைக்குத் திரைக்கு ஏறியது. ஆகவே நாற்பது என்பது இன்றைக்கு எல்லாரும் ஒப்புக்கொண்ட கணக்கு. அதைச் சரி என்று எடுப்பதே முறை.

இனி அந்த நாற்பது வருடங்களுக்கு வருவோம். அதற்கு முன்பு பெயரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், மட்டக்களப்பில் இருக்கிற எங்களுக்கு அதில் ஒரு தனி உரிமை இருக்கிறது.

ஜீன் ரொடன்பெரி 1964இல் எழுதிய முதல் வரைவில் கப்பலின் பெயர் யோர்க்டவுன். பிறகுதான் என்டர்பிரைஸ் ஆனது. இரண்டும் இரண்டாம் உலகப் போரில் பசிபிக்கில் சண்டையிட்ட அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல்களின் பெயர்கள். ரொடன்பெரியே அந்தப் போரில் குண்டுவீச்சு விமானம் ஓட்டியவர். இப்போது 1942 ஏப்ரல் 9ஐ நினைத்துப் பாருங்கள். திருகோணமலையில் இருந்து முதல் நாள் இரவு வெளியேறி, ஒரு போர் விமானம்கூடத் தளத்தில் இல்லாமல், இந்தக் கரையோரமாக ஓடிக்கொண்டிருந்த பிரித்தானிய விமானந்தாங்கி ஹேர்மிஸை ஜப்பானிய விமானங்கள் மட்டக்களப்புக்கு நேரே பிடித்தன. கப்பலோடு 307 பேர் போனார்கள். கூட வந்த அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பல் வம்பயரும் அன்றே மூழ்கியது. உயிர் தப்பியவர்களில் அறுநூறு பேர் வரையில் வீட்டா என்ற மருத்துவக் கப்பல் ஏற்றிக்கொண்டது. ஹேர்மிஸ் இன்றும் எங்கள் கடலுக்கு அடியில், ஐம்பது மீற்றருக்கும் மேற்பட்ட ஆழத்தில் கிடக்கிறது.

அந்த விமானங்களை அனுப்பிய ஜப்பானியப் படையில் ஐந்து விமானந்தாங்கிகள் இருந்தன. அவற்றில் அகாகி, சோர்யு, ஹிர்யு ஆகிய மூன்றும் இரண்டு மாதத்துக்குள் மிட்வே சண்டையில் முடிந்தன. 1942 ஜூன் 4 காலையில் அகாகியைத் தாக்கி அழித்தவை அமெரிக்கக் கப்பல் என்டர்பிரைஸில் இருந்து எழுந்த விமானங்கள். மாலையில் ஹிர்யுவைத் தாக்கியதிலும் அவற்றுக்கே பெரிய பங்கு. யோர்க்டவுன் சோர்யுவை முடித்துவிட்டு, தானும் அந்தச் சண்டையில் அழிந்தது. ரொடன்பெரி ஒரு பெயரை அடித்து மற்றப் பெயரை எழுதியபோது, மூழ்கிய கப்பலின் பெயரை விட்டுத் தப்பிய கப்பலின் பெயரை எடுத்தார். அதோடு 1961இல் அதே பெயரில் உலகின் முதல் அணுசக்தி விமானந்தாங்கி சேவைக்கு வந்திருந்தது. அன்றைக்கு அந்தப் பெயருக்கு இருந்த பளபளப்பு அதுதான். 1971 டிசம்பரில் வங்காளதேசப் போரின்போது வங்காள விரிகுடாவுக்கு அனுப்பப்பட்டதும் அந்த அணுசக்திக் கப்பலே. அந்த நாட்களை நினைவில் வைத்திருக்கும் பெரியவர்கள் உங்கள் வீட்டிலும் இருக்கலாம், கேட்டுப் பாருங்கள்.

கப்பலின் உடலை வரைந்தவர் மற் ஜெஃப்ரிஸ். அவரும் போரில் குண்டுவீச்சு விமானத்தில் பறந்தவர், பிறகு சொந்தமாக ஒரு பழைய விமானம் வைத்திருந்தவர். என்சிசி-1701 என்ற இலக்கத்தைக் கூடத் தொலைவில் இருந்து பார்த்தால் தெளிவாக வாசிக்கக்கூடியதாகத் தெரிவு செய்தார். 3, 6, 8, 9 ஒன்றோடொன்று மயங்கும் என்று தள்ளிவிட்டார். பதினேழாவது வடிவமைப்பின் முதலாவது கப்பல் என்பது அந்த இலக்கத்துக்கு அவர் தந்த விளக்கம். நீளம் 289 மீற்றர் என்று கணக்கு. கடலில் ஓடிய அணுசக்தி என்டர்பிரைஸ் 342 மீற்றர், எங்கள் ஹேர்மிஸ் சுமார் 183 மீற்றர். விண்கப்பலைப் பிரமாண்டமானதாக நினைத்திருப்பவர்களுக்கு இந்த மூன்று எண்களும் பக்கத்தில் இருப்பது நல்லது.

முதல் கப்டன் ரொபர்ட் ஏப்ரல். 1974இல் ஸ்டார் ட்ரெக்கின் கார்ட்டூன் தொடரில்தான் அவர் முதன்முதலில் தோன்றினார். நீண்ட காலம் அந்தத் தொடர் வரலாற்றில் சேருமா சேராதா என்று ரசிகர்கள் அடித்துக்கொண்டார்கள். 2022இல் தொடங்கிய புதிய தொடரில் ஏப்ரல் அட்மிரலாக நேரிலேயே வந்ததும் அந்தச் சண்டை ஓய்ந்தது. அடுத்தவர் பைக். தாலோஸ் பயணம் 2254. அப்போது கப்பலில் 203 பேர் என்று பைக்கே சொல்கிறார். கேர்க்கின் காலத்தில் 430 பேர். இடையில் கப்பல் உள்ளுக்குள் மிகவும் மாறியிருக்க வேண்டும். இருமடங்கு ஆட்களைச் சும்மா திணித்துவிட முடியாது. பைக்கின் காலத்தை நிரப்பத்தான் இப்போதைய தொடர்கள் வந்திருக்கின்றன. அறுபதுகளில் ஒரு மாதிரிப் படமாக எடுத்து ஒளிபரப்பாமல் வைக்கப்பட்ட ஒரு மணி நேரக் கதையில் இருந்து இவ்வளவும் கிளைத்தன என்பது எனக்கு இன்றும் வியப்பு.

கேர்க்கின் ஐந்தாண்டு, 2265 முதல் 2270 வரை, எல்லாருக்கும் தெரிந்த பகுதி. அதை நான் நீட்டவில்லை. ஆனால் ஒரு வசனத்தை மட்டும் அட்டவணையில் சேருங்கள்: இதுபோன்ற கப்பல் படையில் பன்னிரண்டுதான் உண்டு என்று 1967இல் வந்த ஒரு கதையில் கேர்க் சொல்கிறார். அந்தப் பன்னிரண்டில் சில அந்தத் தொடரிலேயே அழிகின்றன. ஆளெல்லாம் போய் வெறுங்கப்பலாகக் கிடக்கின்றன. என்டர்பிரைஸ் முழுதாகத் திரும்பி வந்தது அதனால்தான் பெரிய செய்தி.

திரும்பி வந்த கப்பலை ஏறக்குறையப் பிரித்துக் கட்டினார்கள். 1979 படத்தில் கப்பலின் பொறியியலாளர் ஸ்கொட்டி பதினெட்டு மாதம் திருத்த வேலை நடந்ததாகச் சொல்கிறார். புதிய கப்டன் டெக்கர், இது ஏறக்குறைய முழுக்கப் புதிய என்டர்பிரைஸ் என்கிறார். உந்துகூடுகள், அவற்றைத் தாங்கும் கால்கள், கட்டளை மேடை எல்லாம் மாறின. இவ்வளவும் மாறிய பிறகு அது அதே கப்பலா என்று கேட்பவர்கள் உண்டு. கடற்படை வழக்கப்படி அதே கப்பல்தான். துறையில் ஏற்றித் திருத்தினால் பதிவு முறிவதில்லை, இலக்கம் மாறவில்லை, சேவை ஆண்டு தொடர்ந்து ஓடுகிறது. மொரோவின் இருபதுக்குச் சமாதானம் தேடும் சிலர் இந்தத் திருத்தத்தில் இருந்து எண்ணிப் பார்க்கிறார்கள். 2270களின் தொடக்கத்தில் இருந்து 2285 வரை எண்ணினால் பன்னிரண்டு பதின்மூன்று வருடத்துக்கு மேல் வராது. அந்தச் சமாதானம் நிற்காது.

2285இல் அது பயிற்சிக் கப்பல். கப்டன் ஸ்பொக், ஆட்கள் பெரும்பாலும் மாணவர்கள். அந்த மாணவர்களை வைத்துக்கொண்டுதான் கானின் தாக்குதலை எதிர்கொண்டது. இயந்திரம் இயங்காமல் கப்பல் அழியும் கட்டத்தில் ஸ்பொக் கதிர்வீச்சுக்குள் இறங்கி அதைச் சரிசெய்து உயிரை விட்டார். கப்பல் கரை சேர்ந்தபோது திருத்துவதில்லை, ஒதுக்கிவிடுவோம் என்று முடிவு. மொரோ இருபது என்று சொன்ன இடம் இதுதான்.

அதன் கடைசிப் பயணம் திருட்டுப் பயணம். ஸ்பொக்கின் உடலை எடுத்துவர ஐந்து பேர் கப்பலைத் துறையில் இருந்து களவாகக் கொண்டுபோனார்கள். நூற்றுக்கணக்கானோர் இயக்க வேண்டியதை ஸ்கொட்டி தானியங்கியாக மாற்றியிருந்தார். சண்டைக்கு அது தாங்கவில்லை. கிளிங்கொன் என்ற எதிரி இனத்தாரின் கப்பல் கொடுத்த ஒரு அடியில் எல்லாம் செயலிழந்தன. கேர்க், ஸ்கொட்டி, செக்கொவ் மூவரும் ஒருவர் பின் ஒருவராகத் தற்கொலைக் குறியீட்டைச் சொல்கிறார்கள். எதிரிகள் உள்ளே ஏறியதும் கப்பல் வெடிக்கிறது, அதன் முன்பக்க வட்டத் தட்டு எரிந்துகொண்டே ஜெனிசிஸ் கிரகத்துக்குள் விழுகிறது. கேர்க் கீழே நின்று அதைப் பார்க்கிறார். ஒரு மனிதர் இறந்ததைப் போலவே அந்தக் காட்சியை எடுத்திருக்கிறார்கள். கப்டனே தன் கையால் முடித்த சேவை அது. போரில் அகப்படாமல் இருக்கக் கப்பலைத் தாங்களே மூழ்கடிப்பது கடற்படைகளில் பழைய வழக்கம் என்பதை அறிந்தவருக்கு அந்தக் காட்சி இன்னும் கனக்கும்.

அடுத்த வருடமே, 2286இல், 1701-ஏ வந்தது. பார்க்க அச்சில் வார்த்ததுபோல அதே உருவம், ஆனால் வேறு கப்பல். 2293இல் கிற்றோமர் சமாதான மாநாட்டைக் காப்பாற்றியதோடு ஓய்வுக்குப் போனது. ஏழு வருடம்தான். அதே ஆண்டில் 1701-பி, கப்டன் ஹாரிமன். முதல் ஓட்டத்திலேயே, பாதிக் கருவிகள் பொருத்தப்படாத நிலையில், சக்திப் பட்டியில் சிக்கிய கப்பல்களைக் காப்பாற்றப் போனது. கேர்க் அங்கே காணாமல் போனார்.

1701-சிக்கு நான் கொஞ்சம் நின்று எழுத வேண்டும். இந்த வரிசையில் எனக்கு மிகப் பெரியது அதுவே. ஒரே ஒரு கதையில்தான் வருகிறது, 1990 பெப்ரவரியில் ஒளிபரப்பானது. கப்டன் ரேச்சல் கரெட். 2344இல் நரேந்திரா 3 என்ற கிளிங்கொன் தளத்தை நான்கு ரொமூலன் கப்பல்கள் தாக்கின. கிளிங்கொன்கள் அப்போது நம்பத்தக்க நண்பர்களும் அல்லர். ஆனால் உதவிக் குரல் கேட்டதும் கரெட் போனார். சண்டையின் நடுவே காலப் பிளவு ஒன்றில் விழுந்து கப்பல் இருபத்திரண்டு வருடம் முன்னால் வந்துவிடுகிறது. அங்கே வரலாறே மாறிக் கிடக்கிறது: கிளிங்கொன்களோடு நீண்ட போர், பூமி சேர்ந்திருக்கும் கிரகங்களின் கூட்டமைப்பு தோற்றுக்கொண்டிருக்கிறது. அந்த ஒரு கப்பல் தளத்தைக் காக்கச் சண்டையிட்டு அழிந்திருந்தால்தான் கிளிங்கொன்களின் மரியாதை கிடைத்திருக்கும், போர் வராது. ஆகவே காயப்பட்ட ஆட்களோடு, கப்டனையும் இழந்து, தோல்வி நிச்சயமான அதே சண்டைக்குத் திரும்பிப் போகிறார்கள். சேவைப் பதிவில் ஒரே வரிதான் வரும்: 2344, நரேந்திரா 3, இழப்பு. அந்த வரிக்குப் பின்னால் இருக்கிற விருப்பத்தை உங்கள் அட்டவணை பார்ப்பவர்களுக்கு வாயாலாவது சொல்லுங்கள்.

1701-டி அடுத்த தலைமுறைத் தொடரின் கப்டன் பிக்கார்டின் கப்பல். 2363இல் செவ்வாயின் யுடோப்பியா பிளனீஷியா தளத்தில் கட்டி முடிந்தது. 642 மீற்றர் நீளம், 42 தளங்கள், குடும்பங்களோடு ஆயிரத்துக்கு மேற்பட்டோர். 2371இல் ஒரு பழைய கிளிங்கொன் கப்பல் அதன் கவசத்தின் அலைவரிசையைக் களவாகத் தெரிந்துகொண்டு அடித்தது. பின்பகுதி வெடித்தது, தட்டு வெரிடியன் 3இல் தரை தட்டியது. எட்டு வருடம். 1701-ஈ அதற்கு அடுத்த வருடம் வந்தது. 2373இல் போர்க் என்ற பாதி இயந்திர இனத்தாரைத் தடுத்தது, 2379இல் எதிரிக் கப்பலில் தன் மூக்கை மோதியது. 1701-எஃப் 2401இன் கொண்டாட்ட நாளில் சிறிது நேரம் தோன்றுகிறது. அதே சமயம், டியின் பழைய பொறியியலாளர் ஜோர்டி பல வருடமாக ஒளித்துவைத்துத் திருத்திய 1701-டி மீண்டும் பறந்தது. தட்டு பழையது, கீழ்ப்பகுதி சிரகியூஸ் என்ற வேறு கப்பலுடையது. அதைப் புதிய பதிவாகப் போட வேண்டாம், டியின் பதிவிலேயே ஒரு இரண்டாம் சேவையாகச் சேர்த்தால் போதும்.

1701-ஜி பற்றி நீங்கள் தடுமாறுவீர்கள். அது முதலில் டைட்டன் என்ற கப்பல், 2402இல் பெயர் மாற்றி என்டர்பிரைஸ் ஆக்கினார்கள். இதற்கு எங்கள் ஹேர்மிஸின் வாரிசே நல்ல முன்மாதிரி. மட்டக்களப்பில் மூழ்கிய ஹேர்மிஸின் பெயரை பிரித்தானியா பிறகு இன்னொரு விமானந்தாங்கிக்கு வைத்தது. அந்தக் கப்பலைக் கட்டத் தொடங்கியபோது பெயர் எலிஃபன்ட். 1959இல் ஹேர்மிஸ் என்று சேவைக்கு வந்தது. 1986இல் இந்தியா வாங்கி 1987இல் விராட் ஆக்கியது, 2017 வரை ஓடியது. ஒரே உடலுக்கு மூன்று பெயர். மறுபக்கம், ஹேர்மிஸ் என்ற ஒரே பெயருக்கு இரண்டு உடல். கடற்படைகள் இதில் குழம்புவதில்லை, ஏனென்றால் பதிவு உடலோடு போகிறது, பெருமை பெயரோடு போகிறது. உங்கள் அட்டவணையிலும் ஜிக்கு டைட்டனாக இருந்த காலத்தையும் சேர்த்தே வயது போடுங்கள்.

என்எக்ஸ்-01 என்று ஒன்று இருக்கிறது. 2151இல் கப்டன் ஆர்ச்சரோடு புறப்பட்டு 2161இல் ஓய்வுபெற்றது. காலத்தால் எல்லாவற்றுக்கும் மூத்தது, ஆனால் அதைப் பற்றிய தொடர் 2001இல்தான் தொடங்கியது. இலக்க வரிசையில் அது சேராது, ஆகவே மேலே தனிக் கோட்டில் வையுங்கள். அதே கோட்டில் உண்மையான விண்ணோடமும் ஒன்று வரும். ரசிகர்கள் எழுதிக் குவித்த கடிதங்களால் நாசா தன் முதல் விண்ணோடத்துக்கு என்டர்பிரைஸ் என்று பெயர் வைத்து 1976 செப்டெம்பரில் வெளியே கொண்டுவந்தது. விண்வெளிக்குப் போகாமல் பரிசோதனைப் பறப்புகளோடு நின்றது. மூன்று வருடம் கழித்து வந்த படத்தில், கப்பலின் முன்னோர் படங்களில் அந்த விண்ணோடமும் தொங்குகிறது. பேரன் பெயரைத் தாத்தாவுக்கு வைத்து, பிறகு தாத்தாவின் படத்தைப் பேரன் வீட்டில் மாட்டியிருக்கிறார்கள்.

திரைக்கு வெளியேயும் இந்தக் கப்பலுக்கு ஒரு சேவை வரலாறு உண்டு. தொடரில் பறந்தது சுமார் 3.4 மீற்றர் நீளமான மாதிரி. 1964இல் கட்டினார்கள். விளக்குகளுக்கான மின்கம்பிகள் இடப்பக்கத்தால் வெளியே வந்ததால் எப்போதும் வலப்பக்கத்தில் இருந்தே படம்பிடித்தார்கள். 1974இல் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குப் போனது, 2016இல் பெரிய திருத்த வேலைக்குப் பிறகு வொஷிங்டனில் மண்டபத்தின் முன்னணியில் வைக்கப்பட்டது. அதற்கு முன்பு செய்த 33 அங்குல மாதிரி எழுபதுகளின் பிற்பகுதியில் காணாமல் போய், 2023இல் இணைய ஏலமொன்றில் தலைகாட்டி, 2024இல் ரொடன்பெரியின் மகன் கைக்கு வந்தது.

இனி அட்டவணை. ஒவ்வொரு கப்பலுக்கும் சேவைக்கு வந்த ஆண்டு, முடிந்த ஆண்டு, முடிந்த விதம் ஆகியவற்றோடு நான்காவது நிரல் ஒன்று சேர்த்து, அந்த ஆண்டு திரையில் சொல்லப்பட்டதா, காலவரிசை நூலில் தொகுக்கப்பட்டதா என்று குறியுங்கள். 1701க்கு 2245உம் 2285உம் தொகுக்கப்பட்டவை, 2254 பதின்மூன்று வருட வசனத்தில் இருந்து கணக்கிட்டது, 2270 திரையில் சொல்லப்பட்டது. மொரோவின் இருபதை அடிக்குறிப்பில் போட்டு, பக்கத்தில் பதின்மூன்று கூட்டல் பதினைந்து என்று எழுதிவிடுங்கள். யாராவது கேட்டால் அந்தக் கூட்டலையே காட்டலாம்.